படகுக்காரர்

நாயின் தலை அமலியின் மடியில் கிடந்தது. அந்தத் தலையில் எலும்பைத் தவிர அதிகம் இல்லை. வாயைச் சுற்றித் துணிநாடா கட்டியது அவள்தான், இறுக்கிவிட்டோமோ என்று விரலை நாடாவுக்குள் விட்டுப் பார்த்தாள், போனது, சற்று முன்னால் பார்த்தபோதும் போனது, இனிப் பார்க்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே மறுபடியும் பார்த்தாள். எதையாவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முன்னால் பார்க்கலாம், கரை வெறும் கோடாகத்தான் தெரிகிறது, மாதா கோயில் கோபுரம் இன்னும் எழும்பவில்லை. பக்கத்தில் பார்க்கலாம், கம்பிக் கூண்டுகள், கூண்டுகளுக்குள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும் நாய்கள், அவற்றின் ஈரமும் மூத்திரமும் டீசலும் கலந்து அடிக்கும் நாற்றம். பின்னால் மட்டும் பார்க்கக் கூடாது. பின்னால் எஞ்சின் கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் அவளுடைய அப்பா. இந்த வள்ளத்தில் அது அவளுக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். எதிரே உட்கார்ந்து ஒரு குட்டிக்குத் துளித்துளியாகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கும் நிவாஷினிக்குத் தெரியாது, கூண்டு நகராமல் காலால் முட்டுக்கொடுத்திருக்கும் ஃபஹீமுக்குத் தெரியாது. அவர்களுக்கு அவர் படகுக்கார அண்ணா. காலையில் பழைய உப்பளத்துறையில் முழங்கால் தண்ணீரில் நின்று நிவாஷினியின் பையை வாங்கினார், ஃபஹீமிடமிருந்து கூண்டுகளை வாங்கினார், அவள் முறை வந்தபோது கையை நீட்டி, "பாத்து ஏறுங்க, வழுக்கும்" என்றார். ஏறுங்க. பிறந்ததிலிருந்து அவர் வாயால் அவளுக்கு ஒரு 'ங்க' வந்ததில்லை. ஏ பிள்ள, ஏ அமலோ, வா, போ, தின்னு, படு. அந்த 'ங்க' எவ்வளவு சுலபமாக வந்தது, முதல் நாளே சொல்லிப் பார்த்துவைத்திருப்பாரோ, அம்மா முன்னால் சொல்லிப் பார்த்திருப்பாரோ, அம்மா சிரித்திருப்பாளா அல்லது முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போயிருப்பாளா. அவள் அவர் கையைப் பிடித்து ஏறினாள். அந்தக் கையின் காய்ப்பு எங்கெங்கே இருக்கும் என்று அவளுடைய கைக்குத் தெரியும். ஏறியதும் "தேங்க்ஸ் அண்ணா" என்று சொன்னாள். சொல்லியிருக்கவே வேண்டாம். நிவாஷினி சொன்னாள், ஃபஹீம் சொன்னான், அவள் மட்டும் சொல்லாமல் இருந்தால் வித்தியாசமாகத் தெரியுமே என்று சொன்னாள், அப்பாவை அண்ணா என்று.

நான் அப்படிச் செய்யச் சொல்லவில்லை, சத்தியமாகச் சொல்லவில்லை, என்று அவளுக்குள் ஒரு குரல் காலையிலிருந்து வழக்காடிக்கொண்டிருந்தது. அது உண்மைதான், அவள் சொல்லவில்லை. தீவுக்குப் பக்கமாகப் போன யாரோ எடுத்த வீடியோ ஒன்று கல்லூரி விடுதிக்கு வந்து சேர்ந்திருந்தது, மணல்திட்டில் விலா எலும்பு தெரிய நாய்கள் தண்ணீர் விளிம்பு வரை ஓடிவந்து குரைக்கும் வீடியோ. நிவாஷினி அதைப் பார்த்து அழுதாள், கோரைத்தீவு எங்கே இருக்கிறது என்று தேடினாள், அனுமதிக்காக அலுவலகம் அலுவலகமாக அலைந்தாள், அவளுக்கு அழுவதும் அலைவதும் ஒரே வேகத்தில் வரும், அதனாலேயே அமலிக்கு அவளைப் பிடிக்கும், பயமும் உண்டு. எல்லாம் கிடைத்தும் படகு கிடைக்கவில்லை. அப்போது அமலிதான் வாயைத் திறந்தாள், "எனக்கு அந்தப் பக்கம் ஒரு படகுக்காரரத் தெரியும்." அந்த வாக்கியத்தை எத்தனை விதமாகச் சொல்லியிருக்கலாம். அது எங்க ஊர். எங்க அப்பாவுக்கு வள்ளம் இருக்கு. ஆனால் முதல் வருடமே அவள் சொல்லிவைத்திருந்தாள், தூத்துக்குடி டவுன் என்று, அப்பாவுக்கு ஹார்பரில் வேலை என்று, யாரும் கேட்கக்கூட இல்லை, எல்லோரும் அவரவர் அப்பாவைப் பற்றிப் பேசியபோது அவள் முறைக்கு அதுவாக வந்தது. ராத்திரி மொட்டைமாடிக்குப் போய் அப்பாவுக்குப் போன் செய்தாள். விஷயத்தைச் சொன்னாள். மறுமுனையில் அலைச்சத்தம் கேட்டது. "எவனும் வரமாட்டான். நான் வாறேன்" என்றார். அவள் பேசாமல் இருந்தாள். "என்ன பிள்ள, ஒனக்கு எதும் சங்கடமா?" "அப்படியெல்லாம் இல்லப்பா." "சரி, ஒன்னயத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கல. நம்ம துறையில வேண்டாம், உப்பளத்துறைக்குக் கூட்டிட்டு வா, அங்க ஆளு நடமாட்டம் இருக்காது. போதுமா?" என்று சிரித்தார். சிரிப்பில் வருத்தம் ஒன்றும் இல்லை, அவள் காதைத் தீட்டிக் கேட்டாள், இல்லை. சந்தைக்குப் போகும்போது என்ன வாங்கிவரட்டும் என்று கேட்பது போலத்தான் கேட்டார். வேண்டாம்பா என்று சொல்ல அவளுக்கு ஒரு மூச்சு நேரம் இருந்தது. அந்த மூச்சு நேரத்தில் அவள் மாடித் தண்ணீர்த் தொட்டியில் யாரோ எழுதியிருந்த பெயரைப் படித்துக்கொண்டிருந்தாள். "சரிப்பா" என்றாள்.

வள்ளம் ஒரு அலையில் ஏறி இறங்கியது, நாயின் தாடை அவள் தொடையில் இடித்தது, நாய் முனகியது. இந்த நாய் வேறு. எல்லா நாயும் வேறு, இந்த நாய் வேறு. காலையில் வள்ளம் மணலைத் தொட்டபோது நாய்கள் தூரத்தில் நின்றன, ஃபஹீம் சோற்றுத் தட்டுகளை வைத்துவிட்டு விலகியதும் ஒவ்வொன்றாக வந்தன, பசி பயத்தைத் தின்றுவிட்டிருந்தது, வலை வீசவே தேவைப்படவில்லை. கோரைப்புல்லுக்குப் பின்னால் வராமல்போனவை கிடந்தன. நிவாஷினி அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து மீதிச் சோற்றையும் தட்டுகளில் கொட்டினாள். "இத செஞ்சவன் கெடைக்கணும் அமலி, கெடைச்சான்னா நான் சும்மா விட மாட்டேன்" என்றாள் பிறகு. அமலி தலையாட்டினாள். ஆட்டிய தலைக்கு எல்லாம் தெரியும், அம்மா அப்போதே போனில் சொல்லியிருந்தாள், அப்பா நாய்களை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார் என்று, சோறு இறங்கவில்லை அவருக்கு என்று. அப்பா வள்ளத்திலேயே இருந்தார், இறங்கவே இல்லை. கடைசியில் இந்தப் பழுப்பு நாயைத் தூக்க ஆள் போதாமல் நிவாஷினி கூப்பிட்டபோதுதான் இறங்கி வந்தார். அவர் நிழல் மேலே விழுந்ததும் நாய் வயிறு மணலில் ஒட்டப் படுத்துவிட்டது, காதுகளைப் பின்னால் மடக்கி, இருந்த இடத்திலேயே மூத்திரம் போனது. குரைக்கவில்லை, கடிக்க வரவில்லை, ஓடக்கூட இல்லை. நிவாஷினி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அப்பா நாயைப் பார்த்தார். அமலி தன் கைவிரல் நகத்தைப் பார்த்தாள், நகத்துக்கடியில் மணல். பிறகு அவர் அதை இரண்டு கையாலும் அள்ளி எடுத்துக்கொண்டுபோய் வள்ளத்தில் அவள் மடியருகே இறக்கிவைத்தார், வைக்கும்போது அவர் மூச்சில் பீடி வாசனை. மதியம் எல்லோரும் நிழல் தேடி ஒடுங்கிய நேரத்தில் ஒரு தூக்குச்சட்டியைத் திறந்து, "வீட்டுல குடுத்துவிட்டாங்க, நெறைய இருக்கு, சாப்பிடுறீகளா?" என்று பொதுவாகக் கேட்டார். சீலா மீன் குழம்பு. மூடியைத் திறந்த உடனே அவளுக்குத் தெரிந்துவிட்டது, அம்மா அவளுக்காகப் புளி குறைத்து வைத்த குழம்பு. "நாங்க யாரும் நான்-வெஜ் சாப்பிடறதில்லண்ணா" என்றாள் நிவாஷினி. அப்பா அமலியைப் பார்க்கவில்லை, சட்டியை மட்டும் கொஞ்சம் அவள் பக்கமாக நகர்த்தினார், வேண்டுமென்றே நகர்த்தியதா வள்ளம் ஆடி நகர்ந்ததா என்று தெரியவில்லை. "நானும் மீன் சாப்பிட மாட்டேன்" என்றாள் அவள். அவர் "சரிம்மா" என்று மூடியைத் திருப்பித் திருப்பி மூடினார், மூடி சரியாக உட்காரவில்லை, மூன்றாம் முறை உள்ளங்கையால் தட்டி மூடினார். அவரும் சாப்பிடவில்லை. அதை ஏன் கவனித்தோம். கவனிக்காமல் இருந்திருக்கலாம். ஃபஹீம் ஏதாவது பேச வேண்டுமே என்று வள்ளத்தின் பக்கவாட்டில் எழுதியிருந்த பெயரைப் படித்தான், "அமலோற்பவம். இதுக்கு என்ன அர்த்தம்ணா?" அவள் பெயர் அது, ஞானஸ்நானத்தில் வைத்த முழுப்பெயர், அவள் பிறந்த வருடம் வாங்கிய வள்ளம். "மாதா பேரு தம்பி" என்றார் அப்பா.

கோபுரம் எழும்பிவிட்டது. ஊசி நுனி போல வெள்ளையாக. இன்னும் கொஞ்ச நேரம், கூண்டுகளை இறக்கி வேனில் ஏற்றினால் முடிந்தது, மதுரைக்குப் போகிற வழியில் நிவாஷினி பாட்டுப் போடுவாள், ராத்திரி அவள் அப்பாவுக்குப் போன் செய்து, செய்து என்ன சொல்வாள், மன்னிச்சிருங்கப்பா என்றா, எதுக்குப் பிள்ள என்பார், எதுக்கு என்று அவள் சொல்ல வேண்டிவரும், அதனால் போன் செய்ய மாட்டாள், நாளைக்குச் செய்வாள். இப்படி யோசித்துக்கொண்டிருந்தபோது எதிரே இருந்த நிவாஷினி குட்டியை ஃபஹீமிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள். கூண்டுகளைப் பிடித்துப் பிடித்து அவளைத் தாண்டிப் பின்பக்கம் போனாள். அமலி திரும்பவில்லை. முதுகால் கேட்டாள்.

"அண்ணா, உங்கள ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கம்மா."

"அந்த பிரவுன் நாய் ஏன் உங்களப் பாத்து அப்படிப் பயந்துச்சு?"

எஞ்சின் சத்தம் தணிந்தது. அணைக்கவில்லை, பேச்சு கேட்கிற அளவுக்குத் தணித்தார். வள்ளம் வேகம் குறைந்து அலையோடு சேர்ந்து ஆடத் தொடங்கியது. தெரியலம்மா என்று சொல்லுங்கப்பா. நாய்னா அப்படித்தாம்மா என்று சொல்லுங்க. அவள் உதடு அசைந்தது.

"நாந்தாம்மா இதுகளக் கொண்டாந்து விட்டது."

"என்னது?"

"ரெண்டு நடையா இந்த வள்ளத்துலதான் கொண்டாந்தேன்."

"யார் சொல்லி?"

"ஊரு நாய்க வேண்டாம்னுச்சு. ஆனா வள்ளம் என்னுது. கையும் என்னுது."

"அங்க குடிக்கத் தண்ணி கிடையாதுன்னு உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சே விட்டீங்களா?"

"தெரிஞ்சுதான்."

"அதுக்கப்புறம் ஒரு தடவையாவது வந்து பாத்தீங்களா?"

"இல்ல. அந்தப் பக்கம் வலை விடப் போறதயே விட்டுட்டேன். கொரைக்கிற சத்தம் கேக்கும்."

ஃபஹீம் மெதுவாகக் கேட்டான், "அப்ப எங்களக் கூட்டிட்டு வர ஏன்ணா ஒத்துக்கிட்டீங்க?" அவர் பதில் சொல்வதற்குள் நிவாஷினியின் குரல் உடைந்து உயர்ந்தது, "நீங்கள்லாம் மனுஷங்களா? உங்க வீட்லயும் புள்ளைங்க இருக்கும்ல? அதுங்கள இப்படிக் கொண்டுபோய் விட்டுட்டு, சத்தம் கேக்குதுன்னு வேற வழியாப் போவீங்களா?"

அமலியின் முதுகு முழுக்கக் கண்ணாக இருந்தது. இப்போது அவர் என்னைப் பார்க்கிறாரா, என் பின்னலைப் பார்க்கிறாரா, காலையில் அவசரத்தில் போட்ட பின்னல் கோணலாக இருக்கும். பார்க்கவில்லை, அவர் பார்க்க மாட்டார், நாள் முழுக்கப் பார்க்கவில்லை, கொடுத்த வாக்கை மீறாதவர். ஏன் ஷெரினைப் பற்றிச் சொல்லவில்லை. ஒரு வார்த்தை போதுமே. அடுத்த வீட்டு ஷெரின், பள்ளிக்கூடம் போக ஆரம்பித்து யூனிஃபார்ம் மடிப்புக்கூடக் கலையாத பிள்ளை, துறையில் படுத்திருந்த நாய் கையில் பல்லைப் பதித்ததை அவள் அம்மா சுண்ணாம்பு தடவி ஆற்றிவிட்டாள், சின்னக் கடிதானே, ஊசிக்கு யாரும் போகவில்லை. பிறகு ஒரு நாள் பிள்ளை டம்ளரைப் பார்த்து அலறியது. தாகமாக இருக்கிறது என்று அழும், தண்ணீர் கொண்டுவந்தால் அலறும். ஆஸ்பத்திரியில் ஒன்றும் செய்ய முடியாது என்றுவிட்டார்கள். அடக்கத்துக்கு அமலி விடுதியிலிருந்து வந்திருந்தாள், பெட்டி சின்னது, அதைத் தூக்க நாலு பேர் தேவைப்படவில்லை, அப்பா ஒருவரே இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போனார், இன்று அந்த நாயை ஏந்திக்கொண்டு வந்தது போலவே. போலவே என்று ஏன் தோன்றுகிறது, பிள்ளையையும் நாயையும் ஒன்றாக வைத்து யோசிக்கிறோமே, அதுவும் அசிங்கம்தான். கோயில் முற்றத்தில் ஊர் கூடியது, விஷம் கலந்து போடுவது என்று முடிவானது, கருவாட்டில் கலந்துகூட வைத்துவிட்டார்கள், அப்பாதான் எழுந்து, எங்கிட்ட விடுங்க, கொல்ல வேண்டாம், தீவுல விட்டுட்டு வாறேன் என்றார், அவரை எல்லோரும் கோழை என்று சிரித்தார்கள். இதில் ஒரு வரியைச் சொன்னால் நிவாஷினி நிறுத்திவிடுவாள், நிறுத்தாவிட்டாலும் குரலைத் தணிப்பாள். அவர் சொல்லவில்லை. செத்த பிள்ளையை முன்னால் நிறுத்தித் தப்பிக்க அவருக்கு மனமில்லை. நான் சொல்லலாம். எனக்குத் தெரியும். ஆனால் உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பாள், டவுனில் இருக்கிற, ஹார்பரில் அப்பா வேலை பார்க்கிற உனக்கு. ஒரு வார்த்தையை எடுத்தால் மொத்தமும் வந்துவிடும், கிணற்றில் வாளி விழுந்தால் கயிறு மொத்தமும் போவது போல. அதனால் அவள் நாயின் நாடாவுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். போனது. என் அப்பாவைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள், நான் நாய்க்கு மூச்சு முட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர் செய்தது தப்புதான், கோரைப்புல்லுக்குப் பின்னால் கிடந்தவற்றை அவளும் பார்த்தாள், ஒன்றின் வாய் ஈர மணலைத் தோண்டியபடியே நின்றுவிட்டிருந்தது. அதை நினைத்தால் அவர் மேல் கோபம் வருகிறது, கோபம் வந்த உடனே ஒரு நிம்மதி வருகிறது, அப்பாடா, நான் வெட்கப்படுவது அவர் செய்த காரியத்துக்காகத்தான், அவருடைய லுங்கிக்காக, பீடிக்காக, தூக்குச்சட்டிக்காக அல்ல. ஆனால் முதல் வருடம் ஹார்பர் என்று சொன்னபோது அவர் எந்த நாயையும் எங்கேயும் கொண்டுபோயிருக்கவில்லை. அங்கே வந்து நினைப்பு முட்டிக்கொண்டு நின்றது. அதைத் தள்ளிவிட்டு வேறெதையாவது நினைக்கப் பார்த்தாள், நகரவில்லை. அப்போது அவர் வெறும் படகுக்காரராக மட்டும்தான் இருந்தார்.

"இதையே கரைக்குப் போனதும் கேமரா முன்னாடி சொல்வீங்களா?" என்று நிவாஷினி கேட்டாள். "தெருநாய இடம் மாத்தி விடறது குற்றம் தெரியுமா? நான் போலீஸ்ல குடுப்பேன்."

"சொல்றேம்மா" என்றார் அப்பா. எஞ்சின் மறுபடி உறுமியது.

அதன்பிறகு கரை சீக்கிரம் வந்துவிட்டது. வேண்டாம் என்று நினைக்கிறபோது கரை அப்படித்தான் வரும். உப்பளத்துறையில் வேன் நின்றுகொண்டிருந்தது, டிரைவர் கதவைத் திறந்து வைத்தார். யாரும் படகுக்காரரின் கையைப் பிடிக்கவில்லை, நிவாஷினி தானாகக் குதித்தாள், ஃபஹீம் குதித்தான். அமலி எழுந்தபோது அப்பா தண்ணீரில் நின்றபடி கையை நீட்டினார், நீட்டியவர் பாதியில் நிறுத்தி, வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார், அது ஆடாமல் இருக்கப் பிடித்தது போல. அவளும் தானாகவே இறங்கினாள். கூண்டுகளைத் தூக்கினார்கள், அவரும் தூக்கினார், அதை யாரும் தடுக்கவில்லை. பழுப்பு நாயை ஃபஹீம் வாங்கி வேனில் படுக்கவைத்தான். எல்லாம் ஏறிய பிறகு நிவாஷினி போனை எடுத்து அவர் முன்னால் நின்றாள். அப்பா மேலுக்கு ஒன்றும் இல்லாமல், தோளில் துண்டோடு, லுங்கி ஈரத்தில் ஒட்ட, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். பள்ளிக்கூடத்தில் போட்டோ எடுக்கும்போது பிள்ளைகள் நிற்பது போலக் கைகளை இரண்டு பக்கமும் நேராகத் தொங்கவிட்டிருந்தார்.

"உங்க பேரச் சொல்லுங்க."

"தொம்மை."

"முழுப்பேரு."

"தொம்மை பர்னாந்து."

"நீங்க என்ன செஞ்சீங்கன்னு சொல்லுங்க."

"எங்க ஊரு நாய்கள வள்ளத்துல ஏத்திக் கோரைத்தீவுல விட்டேன். தண்ணி இல்லன்னு தெரியும். பல நாய் செத்துப்போச்சு."

"எதுக்காக விட்டீங்க?"

அவர் வாயைத் திறந்தார். பிறகு, "விட்டேன்" என்றார்.

"காரணமே இல்லாமயா? சும்மா ஜாலிக்கா?"

"ஷெரின்" என்றாள் அமலி.

அது தன் குரல்தான் என்று அவளுக்கே சற்றுப் பிறகுதான் தெரிந்தது. நிவாஷினி போனை இறக்காமலே திரும்பினாள். "என்ன?"

"ஷெரின்னு ஒரு கொழந்த. நாய் கடிச்சுச் செத்துப்போச்சு. தண்ணி குடிக்க முடியாமச் செத்துப்போச்சு. ஊர்ல எல்லா நாயையும் விஷம் வெச்சுக் கொல்லப் பாத்தாங்க. இவருதான்…"

"உனக்கெப்படித் தெரியும்?"

அப்பா அவளைப் பார்த்தார். நாள் முழுக்கப் பார்க்காத அந்தக் கண்கள் வேண்டாம் என்றன, அவ்வளவு தெளிவாக வாயால்கூடச் சொல்லியிருக்க முடியாது. இப்போதும் சொல்லலாம், பேப்பரில் படித்தேன் என்று, படகுக்காரர் சொன்னார் என்று. அந்த மூச்சு நேரம் மறுபடி வந்தது, மொட்டைமாடியில் வந்த அதே அளவு மூச்சு. படிக்க எதிரே பெயர் எதுவும் இல்லை, வள்ளத்தில் எழுதியிருந்ததைத் தவிர.

"பக்கத்து வீட்டுப் பிள்ள" என்றாள். "இது எங்க அப்பா."

போன் அவள் முகத்துக்கு நேராகவே இருந்தது. அவ்வளவு திட்டு வாங்கியபோதும் அசையாத அப்பாவின் முகம் இப்போது கலைந்தது. அவர் சட்டென்று திரும்பி வள்ளத்துக்குப் போனார். ஓடப்போகிறாரோ என்றுகூட அவளுக்குத் தோன்றியது. பின்பக்கப் பலகைக்கு அடியில் கையை விட்டுத் துழாவிச் சட்டையை எடுத்தார், உதறினார், போட்டுக்கொண்டார், ஈரக் கையோடு பொத்தான்களை மாட்டினார், ஒன்று மாறி ஒன்று மாட்டியதில் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி நின்றது, அதைக் கழற்றி மறுபடி மாட்டினார். தலையைக் கையால் கோதிக்கொண்டார். அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. படகுக்காரராக நின்றவரை அவர்கள் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டியிருக்கலாம், அது அவர் மேல் பட்டு வழிந்துபோயிருக்கும். நான் அப்பா என்று சொன்னேன், இப்போது அவர் என் சிநேகிதர்கள் முன்னால், தண்ணீரில்லாத இடத்தில் நாய்களை விட்டுவிட்டு வந்த என் அப்பாவாக நிற்கிறார். இவ்வளவு நேரம் நான் அவரை மறைத்துவைத்திருந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவரும் அந்த மறைவுக்குள்தான் ஒளிந்திருந்தார்.

அவர் திரும்பி வந்தார். ஃபஹீம் என்ன செய்வதென்று தெரியாமல், "வணக்கம் அங்கிள்" என்றான், காலையிலிருந்து கூடவே இருந்தவரை அப்போதுதான் பார்ப்பவன் போல.

"வணக்கம் தம்பி" என்றார் அப்பா. "வீடு அந்தப் பக்கம். வந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு…" என்று தொடங்கியவர், தண்ணி என்ற சொல்லில் நின்றுவிட்டார்.

நிவாஷினியின் கண்கள் கலங்கியிருந்தன. கோபமா வேறெதுவுமா என்று தெரியவில்லை. "ஏன் அமலி சொல்லல? மூணு வருஷமா. ஏன்?" அதற்கு அமலியிடம் பதில் இருந்தது, அதைக் கேட்டவர்கள் எல்லோர் முன்னாலும் சொல்ல முடியாது, முக்கியமாக அவர் முன்னால். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நிவாஷினி போனைப் பார்த்தாள், பிறகு அப்பாவைப் பார்த்தாள். "இவ உங்க பொண்ணுன்றதுக்காக நான் இத அழிக்க மாட்டேன்" என்றாள், குரல் முன்னளவு உறுதியாக இல்லை.

"அழிக்க வேண்டாம்மா" என்றார் அப்பா. "நான் சொன்னது சொன்னதுதான், எங்க கொண்டுபோய்க் காட்டணுமோ காட்டுங்க. அந்தப் பிள்ள செத்ததுக்கு நாய் காரணம்னாலும், அந்த நாய்க செத்ததுக்கு நாந்தான் காரணம். அது இருக்கட்டும்." துண்டின் நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அவ கடைசியாச் சொன்னத மட்டும் வெட்டி எடுத்துருங்க. படிக்கிற பிள்ள."

வேனுக்குள் ஒரு நாய் குரைக்க ஆரம்பித்தது, அதைக் கேட்டு எல்லா நாய்களும் சேர்ந்துகொண்டன, இத்தனை சத்தம் இந்த வயிறுகளில் மிச்சம் இருந்ததா என்று ஆச்சரியமாக இருந்தது. அமலி, "வெட்டாத நிவா, அது இருக்கட்டும்" என்றாள். நாய்ச் சத்தத்தில் நிவாஷினிக்குக் கேட்கவில்லை, காதருகே கையை வைத்து, "என்ன?" என்றாள். அப்பாவுக்குக் கேட்டிருக்கலாம், அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்காமல் போய்விட்டதே என்று ஒரு கணம் அமலிக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை அடையாளம் கண்டுகொண்டபோது முகம் எரிந்தது. அவள் நிவாஷினிக்குப் பக்கத்தில் போய் நின்று, அதை இரண்டாவது தடவை சொன்னாள்.